புள்ளியியல் படிக்கும் மகளை நினைத்துக் கவலைப்படும் ஆச்சிக்கு

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மகளின் படிப்பு, வேலை பற்றி யோசனை கேட்க அவளோடு காரைக்குடிக்கு என்னிடம் வந்தபோது நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மூணு வருஷம் புள்ளியியல் படிச்சிட்டு, ப்ராஜெக்ட்டுன்னு எங்க பலகாரக் கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கா. இதுக்கு யாரு வேலை கொடுப்பா?" அன்றைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. மகள் கொடுத்துவிட்டுப் போன தாள்களை அப்புறம் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

தீபாவளிக்கு வெல்லமும் மாவும் எவ்வளவு சேர்த்துவைப்பது என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்? போன வருட நோட்டைப் புரட்டி, அதே மாதம் தேன்குழல் எத்தனை கிலோ, அதிரசம் எத்தனை கிலோ என்று பார்த்து, கொஞ்சம் கூட்டிப் போடுகிறீர்கள். இந்த வருடம் அப்படிப் போட்டால் இடிக்கும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்தைய 15 நாளும் அக்டோபரிலேயே அடங்கிவிட்டன. 2026இல் தீபாவளி நவம்பர் 8. அந்த 15 நாளில் 8 நாள்தான் அக்டோபரில் வருகிறது, மீதி 7 நாள் நவம்பருக்குப் போய்விடுகிறது. போன அக்டோபரை நம்பிச் சரக்கு இறக்கினால் அக்டோபரில் தேங்கும், நவம்பர் முதல் வாரம் கைக்குப் பற்றாது. உங்கள் மகள் பிடித்திருப்பது இந்த இடத்தைத்தான்.

அவள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை 60 மாத விற்பனையை உங்கள் நோட்டிலிருந்து கணினியில் ஏற்றியிருக்கிறாள். அட்டவணையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி, அந்த வரியில் சில கட்டங்கள். முதல் மாதத்துக்கு 1, கடைசி மாதத்துக்கு 60 என்று எண் கொடுத்தது ஒரு கட்டம். வியாபாரம் மெல்ல மெல்ல ஏறுவதை அது காட்டும். அடுத்து மாதங்களுக்கான கட்டங்கள். பிப்ரவரி என்றால் பிப்ரவரிக் கட்டத்தில் 1, மற்றதில் 0. இப்படி 11 கட்டம். மாதம் 12 ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம், வேலைக்கு நேர்முகம் செய்கிறவர்களும் இதைத்தான் கேட்பார்கள். ஜனவரியை அடிப்படையாக வைத்துவிட்டு மற்ற மாதங்கள் அதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று பார்ப்பதால் 11 போதும். 12ஐயும் போட்டால் எந்த வரியிலும் அந்த 12 கட்டத்தைக் கூட்டினால் 1தான் வரும். சூத்திரத்தில் ஏற்கெனவே எல்லா மாதத்துக்கும் பொதுவாக ஒரு மாறாத எண், மாறிலி, உட்கார்ந்திருக்கிறது, எது எதன் பங்கு என்று கணினியால் பிரிக்க முடியாது. இப்படிக் கட்டங்களை வைத்து விற்பனையைக் கணிக்கும் சூத்திரம் காண்பதற்குத்தான் பருவகாலத் தொடர்புப் போக்கு, சீசனல் ரிக்ரெஷன் என்று பெயர்.

இதுவரை எந்த மாணவரும் செய்வார். தீபாவளிக்கென்று அவள் தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறாள் பாருங்கள், அது பாடப்புத்தகத்தைப் பார்த்து வைத்ததில்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12. முந்தைய 15 நாளில் 4 நாள் அக்டோபர், 11 நாள் நவம்பர். அந்த விகிதத்தில் இரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போட்டிருக்கிறாள். 2021 மே மாதத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. அது ஊரடங்கு மாதம், கல்யாணம் எல்லாம் தள்ளிப்போனது. அதை ஒதுக்கி வைக்காவிட்டால் மே மாதமே மந்தம் என்று கணினி தப்பாக எடுத்துக்கொள்ளும். பலகாரம் சுடுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இது தோன்றும்.

வகுப்பில் அவள் பழகியது 1949 முதல் 1960 வரையிலான விமானப் பயணிகள் எண்ணிக்கை, 144 மாதக் கணக்கு. உலகம் முழுக்க மாணவர்கள் கை பழகுவது அதில்தான். நேர்முகத்துக்கு அதையே ப்ராஜெக்ட் என்று எத்தனையோ பேர் எடுத்துவருவார்கள். உங்கள் நோட்டை வேறு யாராலும் கொண்டுவர முடியாது, ஆச்சி.

குறை இல்லாமல் இல்லை. 60 மாதத்தையும் கொடுத்துச் சூத்திரம் கண்டுபிடித்து, அதே 60 மாதத்துக்கு அது பொருந்துகிறது என்று காட்டியிருக்கிறாள். அது சோதனை ஆகாது. முதல் 48 மாதத்தை மட்டும் கொடுத்து, 2025ஐ மூடி வைத்துக் கணிக்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் வழக்கமாகப் போடுகிற "போன வருடம் இதே மாதம்" கணக்கையும் பக்கத்தில் வைத்து, எது உண்மைக்கு அருகில் வருகிறது என்று பார்க்கட்டும். உங்கள் கணக்கு ஜெயித்தாலும் அதை அப்படியே எழுதட்டும். அந்த நேர்மைக்கு வேலையில் பெரிய மதிப்பு இருக்கிறது. இன்னொன்று, மாதக் கணக்கை ஆங்கில மாதத்தை விட்டு, தமிழ் மாதப்படி ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆடி ஜூலை பாதியில் தொடங்கி ஆகஸ்ட் பாதியில் முடிகிறது. கல்யாணம் இல்லாத அந்த மாதத்தை ஆங்கில மாதம் இரண்டாக வெட்டிவிடுகிறது.

சரி, யாரு வேலை கொடுப்பா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாளை மின்சாரம் எவ்வளவு தேவை, பண்டிகைக்கு எத்தனை பேருந்து கூடுதலாக விடுவது, எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு அனுப்புவது என்று கணிக்கிற இடங்களிலெல்லாம் இந்தக் கணக்கு ஓடுகிறது. அரசுப் பக்கம் போக நினைத்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது, புள்ளியியலில் இளநிலைப் பட்டம் போதும். மாநில அரசில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. என் ஆசை அவள் மேலே படிக்க வேண்டும் என்பதுதான். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.ஸ்டாட். என்ற புள்ளியியல் முதுகலைப் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஐ.ஐ.டி.களில் முதுகலை சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு, அதில் கணிதப் புள்ளியியல் என்றே ஒரு தாள். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் தரவு அறிவியல் முதுகலை இருக்கிறது. வெளியூர் அனுப்ப இப்போது மனமில்லை என்றால் அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, எதெது படிக்கலாம் என்று நேரில் போய் விசாரியுங்கள்.

மூன்று மாதத்தில் டேட்டா சயன்ஸ், வேலைக்கு உத்தரவாதம் என்று ஒரு நோட்டீஸைக் காட்டினீர்களே, அதற்கு நகையை வைக்க வேண்டாம். போன வருடம் என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி ஓர் இடத்தில் பணம் கட்டினான். பட்டனை அமுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், 11 கட்டம் ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நேர்முகத்திலேயே அங்கேதான் நின்றுவிட்டான். இந்தக் கணக்குகளைப் போடும் கணினி மொழிகளான ஆர், பைத்தான் இரண்டுமே இலவசம், வீட்டுக் கணினியிலேயே பழகலாம். அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வட்டிக்கடை வேலைக்குப் போன நம்மூர்ப் பையன்கள் பெட்டியடியில், கணக்குப் பெட்டி பக்கத்தில், உட்கார்ந்து பழகித்தானே அடுத்தாள், அதாவது முகவருக்கு அடுத்த ஆள், ஆனார்கள். உங்கள் மகளுக்குப் பெட்டியடி உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது.

அடுத்த முறை வரும்போது 2021க்கு முந்தைய நோட்டுகள் இருந்தால் எடுத்துவாருங்கள். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை, எண் தெரிந்தால் போதும். வரும் அக்டோபருக்கும் நவம்பருக்கும் தனித்தனியாக எத்தனை கிலோ என்று அவள் இப்போதே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு உங்களிடம் கொடுக்கட்டும். தீபாவளி முடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்ப்போம்.