கப்பலில் ஜிப்லைன் ஏறும் முன் எடை மெஷின் எதற்கு? கேள்வி பதில்

கயிற்றுப் பாதை, ஜிப்லைன் (கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது), காற்றுச் சுரங்கம், அலைச்சறுக்கு, நீர்ச்சறுக்கு, கப்பல் ரோலர் கோஸ்டர். இவற்றின் பாதுகாப்பு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஸ்டென்ட், பிரஷர், முதுகுத்தண்டு என்றால் உங்கள் டாக்டரிடம் போங்கள். டிக்கெட் தள்ளுபடிக்கு ஏஜென்ட் இருக்கிறார்.

சிங்கப்பூர் வாசி: சார், ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் கிரவுன்ஸ் எட்ஜ் போக ஆசை, உடம்பைக் கம்பியில் கோர்த்துக்கொண்டு போகும் கயிற்றுப் பாதை அது. எடை பார்த்துத்தான் விடுவார்களாம். அந்தக் கம்பி டன் கணக்கில் தாங்குமே, 130 கிலோ ஆளுக்கு என்ன பயம்?

கம்பி அறுந்துவிடும் என்று யாரும் பயப்படவில்லை. நீங்கள் தொங்கப்போவது கடலிலிருந்து 154 அடி உயரத்தில். எடை வரம்பு போடுவது கம்பிக்கு அல்ல, மற்ற மூன்றுக்கு.

முதலில் ஹார்னஸ், அதாவது உடம்பைக் கம்பியோடு பிணைக்கும் பட்டைக் கட்டு. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக உட்கார வேண்டும். தொப்பை இடுப்பைவிட அகலமாக இருந்தால் பட்டை அங்கே நிற்காது. ஆள் தலைகீழானால் உருவிக்கொண்டு போகும். அப்படிப்பட்டவருக்குத் தோள்பட்டையும் சேர்ந்த முழு ஹார்னஸ்தான் சரி. அதற்கும் அளவு உண்டு. வேலையிடத்தில் விழுதடுப்புக்குப் போடும் ஹார்னஸை ஐரோப்பியத் தரமான இஎன் 361-இல் 100 கிலோ பொம்மையை வைத்துச் சோதிக்கிறார்கள். அமெரிக்கத் தரம் 59 முதல் 140 கிலோ வரைக்கும் பேசுகிறது. அந்த எல்லையைத் தாண்டியவருக்கு அது தாங்கலாம், தாங்காமலும் போகலாம். சோதித்துப் பார்க்காத ஒன்றில் ஒருவரைத் தொங்கவிடக் கூடாது.

அடுத்தது பிரேக். ஜிப்லைன் முடிவில் 60 கிலோ ஆள் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 1,920 ஜூல். 130 கிலோ ஆளைக் காற்று அவ்வளவாகத் தடுக்காது, அவர் கூடுதல் வேகத்தில் வருவார். 10 மீட்டர் வேகம் என்று வைத்தால் 6,500 ஜூல். எடை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அடி மூன்று மடங்குக்கு மேல்! ஸ்பிரிங் பிரேக்கானால் கடைசிச் சுருள்வரை நசுங்கி, மிச்ச வேகம் உங்கள் கழுத்துக்குப் போகும்.

மூன்றாவது மீட்பு. இதை யாருமே நினைப்பதில்லை. நடுவழியில் நீங்கள் நின்றுவிட்டால் ஒரு பணியாளர் கயிற்றில் வந்து உங்களைத் தன்னோடு கோர்த்து இறக்க வேண்டும். 130 கிலோ நீங்கள், 80 கிலோ அவர், அதற்கு மேல் கருவிகள். இறக்கும் கருவியில் 200 கிலோ என்று பொறித்திருந்தால் கணக்கு அங்கேயே உதைக்கிறது. நிதானமாகச் செய்யவும் நேரமில்லை. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம். மாட்டிக்கொண்டால் கால்களை ஆட்டிக்கொண்டே இருங்கள், முடிந்தால் எதையாவது உதைத்து நில்லுங்கள்.

கைபேசியை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். 20 மீட்டரிலிருந்து நழுவும் கைபேசி கீழே இருப்பவர் தலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்.

டாலஸ் அம்மா: என் மகனுக்கு 9 வயது, 31 கிலோ. உயரம் சரி, எடை போதாது என்று ஜிப்லைனில் மறுத்துவிட்டார்கள். குறைவாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை அம்மா. சொல்லப்போனால் நடுவழியில் நிற்பது பெரும்பாலும் எடை குறைந்தவர்கள்தான்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவு என்று வையுங்கள். 31 கிலோ பையனை முன்னால் இழுக்கும் விசை சுமார் 15 நியூட்டன். கப்பல் 18 நாட் வேகத்தில் போனால் காற்றே வீசாத நாளிலும் மேல்தளத்தில் மணிக்கு 33 கிலோமீட்டர் காற்று. எதிர்க்காற்று 15 நாட் சேர்ந்தால் 61. வெறும் 40 கிலோமீட்டர் காற்றே ஒரு சிறுவன் மேல் 20 நியூட்டனுக்கு மேல் தள்ளும். பையன் பாதி வழியில் நின்று, பின்னாலும் போகத் தொடங்குவான். 80 கிலோ அப்பாவை இழுக்கும் விசை 39 நியூட்டன், அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். காலையில் ஓடிய ஜிப்லைன் மதியம் மூடிக் கிடப்பதும் இதனால்தான். வெயில் அடிக்கிறதே என்று சண்டை போடாதீர்கள், காற்றுமானியைப் பாருங்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சவாரி திறந்திருந்தால் அதுவே நல்ல நேரம். கப்பல் வேகம் சேர்க்கும் காற்று இருக்காது, கூட்டமும் ஊருக்குள் போயிருக்கும்.

ஓமான் ரவுண்டு: 128 கிலோ. போகலாமா?

சவாரி வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள். கப்பலுக்குக் கப்பல், சவாரிக்குச் சவாரி மாறும். அது பெரும்பாலும் பவுண்டில் இருக்கும்: 250 பவுண்டு 113 கிலோ, 275 பவுண்டு 125, 300 பவுண்டு 136.

கோவை பொறியாளர்: வீட்டு மெஷினில் 122 காட்டுகிறது, கப்பலில் 126. எது பொய்?

நல்ல கேள்வி, இரண்டும் பொய்யாக இருக்கலாம். மெஷினுக்கு உங்கள் எடை தெரியாது, அதன் மேல் விழும் விசைதான் தெரியும். கப்பல் பக்கவாட்டில் 5 பாகை சாய்ந்தாலும் அளவு அரை சதவீதம்கூடக் குறையாது. ஆனால் மேலெழும்பிக் கீழிறங்கும்போது தளத்தின் முடுக்கம் புவியீர்ப்பில் 3 சதவீதம் இருந்தாலே 122 கிலோ 118-க்கும் 126-க்கும் இடையே ஆடும். மீன்பிடிக் கப்பல்களில் இதற்காகவே அசைவை ஈடுகட்டும் தராசு வைக்கிறார்கள். சாதாரண மெஷின்தான் இருக்கிறது என்றால் பணியாளர் செய்ய வேண்டியது: காலையில் பூஜ்யம் பார்த்து, தெரிந்த 20 கிலோ கல்லை வைத்துச் சரிபார்ப்பது, ஆளை நிறுத்தியதும் முதலில் மின்னும் எண்ணை எடுக்காமல், கப்பல் இரண்டு மூன்று முறை எழுந்து இறங்கும்வரை பார்த்து நடுமதிப்பை எடுப்பது. ஷூ, ஈர உடை, இடுப்புப் பை எல்லாம் சேர்ந்து 2 கிலோ ஏற்றிவிடும்.

எண்ணை வரிசையில் நிற்பவர்களுக்குக் காட்டுவது அநாகரிகம். பச்சை, சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

சென்னை ஸ்கைடைவர்: ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் கப்பலின் ரிப்கார்டு காற்றுச் சுரங்கத்தில் கயிறே இல்லையே, அங்கே எதற்கு எடை?

அங்கே கீழிருந்து அடிக்கும் காற்றுதான் ஆளைத் தூக்கும். மிதக்கத் தேவையான காற்றின் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 60 கிலோவிலிருந்து 100 கிலோ போனால் வேகம் 1.3 மடங்கு, விசிறிக்கு வேண்டிய சக்தி அதன் முப்படி, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் விசிறியைவிடப் பயிற்சியாளரின் தோள்தான் முக்கியம். புதியவர் கையை மடக்கினால் காற்று பிடிக்கும் பரப்பு குறைந்து திடீரெனக் கீழே விழுவார். அவரைப் பிடித்து நிமிர்த்த அங்கே இருப்பது ஒரே மனிதர். உயரமானவருக்குப் பரப்பு அதிகம், அதனால் அவருக்கு எடையில் கொஞ்சம் கூடுதல் சலுகை தரலாம். தோள் ஒருமுறை இறங்கியவர் இதைத் தொடவே வேண்டாம். விரித்த கையைக் காற்று பின்னால் தள்ளும்.

திருச்சி 119: அண்ணா, 119 கிலோ இருந்தா விடுவாங்களா?

128-க்குச் சொன்னதேதான்.

மதுரைக்காரன்: என் உடம்பு, என் பொறுப்பு. எதுவானாலும் கம்பெனி பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகு எடை பார்க்க இவர்கள் யார்?

உங்கள் பொறுப்பில் மட்டும் அது நிற்காது. கயிற்றில் உங்களை மீட்க வருபவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அந்தக் கையெழுத்துக்கு நீங்கள் நினைக்கும் பலமும் கிடையாது. ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலின் ஃப்ளோரைடர் அலைச்சறுக்கில் காயம்பட்ட பயணி தொடுத்த வழக்கில், 2011-இல் அமெரிக்காவின் 11-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்ட படிவம் செல்லாது என்றது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் பயணிகள் கப்பலின் உரிமையாளர், தன் கவனக்குறைவால் பயணிக்கு ஏற்படும் காயத்துக்குப் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே எழுதி வாங்க அந்நாட்டுச் சட்டம் விடுவதில்லை. படிவம் காப்பாற்றாது என்று கம்பெனிக்குத் தெரியும், அதனால்தான் மெஷின் வைக்கிறது.

மதுரைக்காரன்: செல்லாத காகிதத்தில் எதற்குக் கையெழுத்து வாங்குகிறார்கள்? வெறும் நாடகமா?

வக்கீல் குமாஸ்தா: முழுக்க நாடகம் என்று சொல்லக் கூடாது சார். ஆபத்து என்ன என்று எழுத்தில் சொன்னோம், அவரும் படித்தார் என்பதற்கு அது சாட்சி.

குமாஸ்தா சொல்வது சரி, நான் பாதியில் விட்டுவிட்டேன். கடல்சார் சட்டத்தில் ‘தெரிந்தேதான் ஏறினார்’ என்று சொல்லி வழக்கை அடியோடு தள்ள முடியாது. ஆனால் தவறில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பார்கள். படிவத்தில் 110 என்று எழுதிவிட்டு 128 கிலோவோடு ஏறினால் உங்கள் பங்கு ஏறும், நஷ்டஈடு இறங்கும்.

மதுரைக்காரன்: ஊருக்கு வந்து இங்கே கேஸ் போட்டுக்கொள்ளலாம்.

டிக்கெட்டைப் படியுங்கள். ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு, ஒரு வருஷத்துக்குள் வழக்கு, அதுவும் புளோரிடாவில் என்று சிறு எழுத்தில் இருக்கும். எந்த ஊரில் வழக்கு என்று டிக்கெட்டிலேயே கட்டிப்போடுவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்கும் பயணத்துக்கு நான் மேலே சொன்ன அமெரிக்கச் சட்டம் துணைக்கு வராது, அந்த டிக்கெட்டின் ஒப்பந்தம் தனி.

ஈசூன் மாமா: இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா?

புளோரிடாவில் தரையில் ஓடும் சவாரிகளைச் சோதிப்பது மாநில வேளாண்மைத் துறை. ஆமாம், வேளாண்மைதான், நான் தவறாக எழுதவில்லை. கப்பல் அவர்கள் கைக்குள் வராது. எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாடும், கப்பலுக்குச் சான்றிதழ் தரும் வகைப்பாட்டுச் சங்கமும்தான் பார்க்கும். ஐகான் ஆஃப் த சீஸ் பஹாமாஸ் கொடி. சவாரிக்கென்று உள்ள தரங்கள் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்24 குழுவுடையவை, ஐரோப்பாவில் இஎன் 13814.

மதுரைக்காரருக்கு ஒன்று பாக்கி. 2022 மார்ச்சில் ஆர்லாண்டோவில், அதே வேளாண்மைத் துறையின் கண்காணிப்பில் இருந்த உயரக் கோபுர வீழ்ச்சி சவாரியில் ஒரு சிறுவன் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தான். கையேட்டில் வரம்பு 130 கிலோ, அவன் அதைவிட மிக அதிகம். அந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். பட்டைக்கும் இருக்கைக்கும் நடுவே வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி இருந்தும் பச்சை விளக்கு எரிந்தது. எடை மெஷின் சொல்லியிருக்க வேண்டியதை அங்கே யாரும் சொல்லவில்லை.

மதுரைக்காரன்: சரி, விடுங்க.

பெங்களூர் ஜோடி: நாலு பேர் மிதவையில் போகும் நீர்ச்சறுக்கில் மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் போதுமா?

போதாது. கான்சஸ் சிட்டியில் வெர்ருக்ட் என்ற நீர்ச்சறுக்கு இருந்தது, மூன்று பேர் மிதவை, வரம்பு 400 முதல் 550 பவுண்டு. 2016 ஆகஸ்டில் மிதவை அந்தரத்தில் எழும்பி முன்னால் இருந்த சிறுவன் இறந்தபோது மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தது. இலேசான ஆள் முன்னால், கனமான இருவர் பின்னால். பணியாளர் உங்களை இடம் மாற்றி உட்காரச் சொன்னால் குடும்பப் புகைப்படம் கெட்டுவிட்டதென்று முணுமுணுக்காதீர்கள். கைபேசியோடு போகவே கூடாது என்று சொன்னேன், புகைப்படம் எங்கிருந்து வரும்?

டாலஸ் அம்மா: தாலியைக் கழற்ற மாட்டேன் என்று என் அக்கா பிடிவாதம். அலைச்சறுக்கில் விடுவார்களா?

அது அங்கிருக்கும் பணியாளர் முடிவு. அவர் சம்மதித்தால், நெஞ்சோடு சேர்த்து அகலமான மருத்துவ டேப் இரண்டு குறுக்காக ஒட்டி, மேலே கழுத்துவரை மூடும் நீச்சலாடை. டேப்பைத் தோல் ஈரமாவதற்கு முன்பே ஒட்ட வேண்டும். மோதிரமும் வளையலும் கட்டாயம் கழற்ற வேண்டும். பலகையிலோ வலையிலோ மோதிரம் மாட்டினால் விரல் தோலோடு உரிந்து வரும். ஃப்ளோரைடரில் படுத்துச் சறுக்க 52 அங்குல உயரம், அதாவது 132 செ.மீ.; நின்று சறுக்க 58 அங்குலம், 147 செ.மீ. துப்பட்டா வேண்டாம். ஜிப் வைத்த டிரவுசர் நீர்ச்சறுக்கின் ஃபைபரைக் கீறும்.

கோவை பொறியாளர்: கார்னிவல் மார்டி கிரா கப்பலின் ரோலர் கோஸ்டர், அலையில் சாய்ந்தால் எப்படி ஓடும்?

சாதாரணக் கோஸ்டர் மேலே இழுத்து விட்டால் ஈர்ப்பிலேயே ஓடும். சரிவு மாறினால் நடுவில் நின்றுவிடலாம். அதனால் போல்ட் என்ற இந்தக் கப்பல் கோஸ்டரில் ஈர்ப்பை நம்பவில்லை. மியூனிக்கின் மவுரர் நிறுவனம் செய்தது: தண்டவாளத்தோடு பல்சட்டம், வண்டியிலேயே மின்மோட்டாரும் பற்சக்கரமும். வேகத்தைச் சவாரி செய்பவரே கூட்டலாம், மணிக்கு 40 மைல்வரை. பாதை ஏறக்குறைய 800 அடி. பைக் மாதிரி உட்காரும் வண்டி, ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு பேர். பட்டை பூட்டு விழும்வரை வந்தால்தான் வண்டி கிளம்பும், அங்கே எடையைவிடத் தொடையும் வயிறுமே பிரச்சினை. தொடைக்கும் பட்டைக்கும் நடுவே கைபேசி இருந்தால் பட்டை சரியாக உட்காராது.

தூத்துக்குடி தம்பி: அண்ணா, கால்பட்டை எவ்வளவு இறுக்கணும்?

தட்டையான கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. பக்கிளைத் தாண்டி வார் முனை நான்கு விரல் அகலமாவது மிஞ்ச வேண்டும். மாட்டியபின் ஒருமுறை குந்தி எழுந்து மறுபடி இறுக்குங்கள், நிற்கும்போது இறுகியதாகத் தெரிவது உட்கார்ந்ததும் தளரும். பணியாளர் பார்த்துவிட்டார் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

ஓமான் ரவுண்டு: பலகையில் 300 பவுண்டு என்று இருக்கிறது. 136 கிலோவரை ஏறலாம்தானே? நான் இப்போது 129.

ஏறலாம். ஷூ போட்டபடிதான் நிறுத்துவார்கள், அதைக் கணக்கில் வையுங்கள். கைபேசி அறையில் இருக்கட்டும்.