தானாகக் கரையும் எலும்பு ஸ்க்ரூவை உடல் என்ன செய்கிறது?

முறிந்த எலும்பு கூடும்வரை பிடித்து வைத்திருந்து, பிறகு உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் ஸ்க்ரூ, ஊசி போன்றவைதான் கரையும் எலும்புப் பொருத்திகள். கான்கிரீட் இறுகும்வரை சென்டரிங் தாங்குவது போலத்தான். ஆனால் இங்கே அதைப் பிரிக்கிற வேலையையும் உடலே பார்த்துக்கொள்கிறது.

உடல் முதலில் இதை வெளிப்பொருளாகத்தான் நினைக்கும். வெள்ளையணுக்கள் சூழ்ந்துகொள்ளும், லேசாக வீங்கும். அது இயல்பு. அப்புறம் நடப்பது பொருளைப் பொறுத்தது. பாலிலாக்டிக் அமிலம் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன ஸ்க்ரூவை உடலிலுள்ள நீரே மெல்ல உடைக்கிறது. அதிலிருந்து வரும் லாக்டிக் அமிலம், வேகமாக ஓடும்போது நம் தசையில் உண்டாகும் அதே பொருள்தான். கடைசியில் கார்பன் டைஆக்சைடும் நீருமாகிவிடும். முழுதும் கரைய ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம். அவசரமாக உடைந்தால்தான் தொல்லை: அமிலம் தேங்கி, சுற்றியுள்ள எலும்பை அரிக்கும்.

மக்னீசிய உலோக ஸ்க்ரூ வேறு மாதிரி. நீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். மெதுவாக வந்தால் திசுக்கள் உறிஞ்சிவிடும்.

எக்ஸ்ரேயில் மக்னீசியம் ஸ்க்ரூவைச் சுற்றிக் கருநிழல் தெரிந்தாலே சீழ் பிடித்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆரம்ப மாதங்களில் அது பெரும்பாலும் இந்த வாயுதான், ஆனால் கூடவே காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் வலியோ இருந்தால் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.