எச்.ஐ.வி.யும் நம் சபையும்: சில கேள்விகள், என் பதில்கள்

கோலாலம்பூரில் அரசு மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் வளர்ந்தவள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் சபையில் திருவிருந்துக்கு ஒரே கிண்ணம்தான். எச்.ஐ.வி. உள்ளவர் குடித்த பிறகு நாங்கள் குடிக்கலாமா?

தாராளமாக. எச்சிலில் இது பரவாது. கைகுலுக்கினால், கட்டிப்பிடித்தால், ஒரே தட்டில் மீகூன் சாப்பிட்டால், கொசு கடித்தால் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, ரத்தம், தாயிடமிருந்து குழந்தை: வழிகள் இவைதான். ஒரே கிண்ணத்தால் சளிக்காய்ச்சல் வேண்டுமானால் வரலாம். அதற்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை!

சிஸ்டர், பாவம் செய்ததால்தானே இந்த நோய் வருகிறது?

கணவர் ஒருவரைத் தவிர யாரையும் அறியாத குடும்பப் பெண்களுக்கு நான் மருந்து கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் என்ன சொல்வீர்கள்? பிறவிக் குருடனைக் காட்டி 'யார் செய்த பாவம்' என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். சரி, தவறு செய்தவராகவே இருக்கட்டும். சர்க்கரை நோய்க்காரரிடம் எத்தனை கப் தேத்தாரே டீ குடித்தீர்கள் என்று விசாரித்துவிட்டா ஜெபிக்கிறோம்?

சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளிகளுக்கென்று தனிக் குடியிருப்பு திறந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்தார்கள். அதே சுங்கை பூலோவில்தான் இன்று தொற்றுநோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒதுக்கிவைப்பது என்ன செய்யும் என்று நம் ஊருக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் ஜெபக்குழுவில் ஒரு தம்பி, சுகமாகிவிட்டேன் என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்று டாக்டரே சொன்னாராம்.

உடனே அவரை கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் சொன்னது உண்மைதான், ஆனால் கிருமி தெரியாமல் போனது மருந்தால். உடம்புக்குள் அது ஒளிந்திருக்கும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெருகும், பழைய மருந்துக்கு மசியாமலும் போகலாம். நன்றாக ஊழியம் செய்துகொண்டிருந்த ஒருவர், சபையில் கைவைத்து ஜெபித்த பிறகு மருந்தை விட்டார். பெயரும் சபையும் வேண்டாம். மறுபடி வார்டுக்கு வந்தபோது வாய் முழுக்க வெள்ளைப் பூஞ்சை, கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. போதகர்களே, ஜெபியுங்கள். ஆனால் 'மாத்திரையை விடாதே' என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். 2006இலிருந்து, முதலில் தொடங்கும் எச்.ஐ.வி. மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, கிருமி தெரியாத நிலை 6 மாதம் நீடித்து, அப்படியே தொடர்பவரிடமிருந்து உடலுறவு மூலம்கூடப் பரவாது.

ஒரு சகோதரி தனக்கு இருப்பதாகப் போதகரிடம் சொன்னார். அடுத்த வாரம் பெண்கள் ஐக்கியத்தில் அது ஜெபக்குறிப்பாக வந்துவிட்டது. இப்போது அவர் ஆலயத்துக்கே வருவதில்லை.

எனக்கு வந்த கேள்விகளிலேயே மனசை அறுத்தது இதுதான். 'பெயர் சொல்லவில்லையே' என்பார்கள். 'நம் பாடகர் குழுவில் ஒருவர், கணவர் இல்லை, சின்னப் பிள்ளை இருக்கிறது' என்றால் போதாதா? நம் வட்டாரம் சின்னது, அதற்குள் வாட்ஸ்அப் வேறு. ஒருவர் உங்களிடம் சொன்னால் அது உங்களோடு நிற்கட்டும், மனைவியிடம்கூட வேண்டாம். வேறு யாருக்குச் சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். போதகர் முதலில் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கட்டும். திரும்பி வருவதும் வராததும் அவர் விருப்பம்.

திருமணத்துக்கு முன் சபையில் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கிறார்கள். கட்டாயமா?

முஸ்லிம் தம்பதிகளுக்குத்தான் கட்டாயம். மற்றவர்களுக்குச் சட்டம் கேட்பதில்லை. பரிசோதனை நல்லதுதான், நானும் செய்யச் சொல்வேன். ஆனால் முடிவு அந்த இருவருக்கு மட்டும். ஆலய அலுவலக மேசையில், ஞானஸ்நானச் சான்றிதழோடு சேர்த்துக் கிளிப் போட்ட ரத்த ரிப்போர்ட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம், 'இருக்கிறது' என்று வந்தாலும் கல்யாணம் நிற்க வேண்டியதில்லை.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்கு 2018இல் உலக சுகாதார நிறுவனமே சான்று தந்தது. கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்துக்குச் சபையில் என்ன செய்யலாம்?

சிவப்பு ரிப்பன் குத்திப் படம் எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்து அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிடம் பேசி, ஆலயத்திலேயே பரிசோதனை வைக்க முடியுமா என்று கேளுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். வாலிபர்களை அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்க வேண்டாம், போதகரே முதல் ஆளாகப் போகட்டும். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம். முடிவு கேட்டு வெளியே வருபவர் நேராகக் காப்பி மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்படி இருக்கக்கூடாது, பின்வாசல் உள்ள அறையாகப் பாருங்கள்.