பல்லுக்குள் உடைந்து கிடக்கும் ஊசி: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு புகார் செய்ய முடியுமா?

கேள்வி: 2022 ஏப்ரலில் தனியார் பல் மருத்துவமனை ஒன்றில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து, கேப் போட்டுக்கொண்டேன். மொத்தம் 9,500 ரூபாய் ஆனது. பாதியை ஜிபேயில் கொடுத்தேன், ரசீது தரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. 2024 தீபாவளிக்குப் பிறகு ஈறு வீங்குவதும், மாத்திரை போட்டால் அடங்குவதுமாக இருந்தது. சென்ற மாதம் வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வேருக்குள் ஊசி உடைந்து கிடக்கிறது, பல்லை எடுத்துவிடலாம் என்றார். முதல் மருத்துவர் ‘இதெல்லாம் சகஜம்’ என்கிறார். மருத்துவப் புகார்களை முடித்துத் தருவதாகச் சொல்லும் ஒருவர், காலம் கடந்துவிட்டதால் நுகர்வோர் வழக்கு செல்லாது, போலீஸில் புகார் கொடுத்தால் ஐந்து லட்சம் வாங்கித் தருகிறேன் என்று 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். நான் என்ன செய்வது? (வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கு காலாவதியாகிவிட்டது என்று அவர் சொல்வது சரியல்ல. அதைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: காய்ச்சல், வாய் திறக்க முடியாத அளவுக்கு வீக்கம் போன்ற அபாயம் எதுவும் இல்லையென்றால், சான்றுகளைச் சேர்க்கும் வரை பல்லை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் முக்கியமான சாட்சி அந்தப் பல்தான். எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்து, நீக்கிய பல்லை மருத்துவமனைக் குப்பையில் போட விடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

‘சகஜம்’ என்று முதல் மருத்துவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஊசி என்று உங்களிடம் சொல்லப்பட்டது, வேரைச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற மிக மெல்லிய கருவி. வளைந்த வேருக்குள் திறமையானவர் கையிலும் அது உடையக்கூடும் என்பதால், உடைந்தது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கவனக்குறைவு என்று நுகர்வோர் ஆணையத்தில் நிரூபிப்பது கடினம். உடைந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் வழக்கு. அன்றே உங்களிடம் சொன்னாரா, எக்ஸ்ரேயைக் காட்டினாரா, வேர் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினாரா, ஆறு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னாரா? இவற்றில் எதையும் செய்யாமல் மேலே கேப்பை மாட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டார் என்றால், அது மறைத்தல், சேவைக் குறைபாடு. சிகிச்சைக்கு முன் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இந்த மறைத்தலுக்குக் கேடயமாகாது.

இனி காலவரம்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். சிகிச்சை முடிந்த நாளிலிருந்து என்று சட்டம் சொல்லவில்லை. உடலுக்குள் மறைந்து கிடந்த ஒன்று பின்னால் தெரியவரும்போது, தெரிந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஸ்ரீகண்டே வழக்கில் விரிவாகப் பேசியது. ஆனால் அந்த வழக்கில் நோயாளி தோற்றார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1993-இல் நடந்த அறுவை சிகிச்சையில் வயிற்றுக்குள் விட்ட துணி 2002-இல்தான் வெளியே எடுக்கப்பட்டது. ஆயினும் அவர் ஒரு செவிலியர், சிகிச்சைக்குப் பிறகு தொடர்ந்து வலி இருந்தும் பரிசோதிக்காமல் இத்தனை ஆண்டுகள் இருந்தது ஏன் என்று நீதிமன்றம் கேட்டது. அதாவது, உண்மை தெரிந்த நாளை மட்டுமல்லாமல், கவனமுள்ள ஒருவர் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய நாளையும் பார்ப்பார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் உங்களுக்கு வலியே இல்லை என்பது பெரிய பலம். ஆனால் முதல் வீக்கம் 2024 தீபாவளிக்குப் பிறகு வந்ததால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குவார். எனவே சென்ற மாத எக்ஸ்ரேயிலிருந்து இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன என்று நிம்மதியாக இருக்காமல், 2026 அக்டோபருக்குள் புகாரைத் தாக்கல் செய்துவிடுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும், அவசியமில்லை என்று தோன்றினாலும், கூடவே இணைத்துவிடுங்கள்.

ரசீது இல்லாததற்காகக் கலங்க வேண்டாம். ஜிபே பரிமாற்றமும், சந்திப்பு நேரம் குறித்து வந்த வாட்ஸ்அப் செய்திகளும் பணம் கொடுத்துச் சிகிச்சை பெற்றதற்குச் சான்றாகும். இரண்டாவது மருத்துவரிடம், முதலாமவர் தவறு செய்தார் என்று எழுதித் தரச் சொல்லாதீர்கள். சக மருத்துவருக்கு எதிராக எழுத அவர் தயங்குவார். அந்த வாக்கியம் உங்களுக்குத் தேவையும் இல்லை. எந்தப் பல், எந்த வேர், உள்ளே உலோகத் துண்டு தெரிகிறது, தேதி, கையெழுத்து ஆகியவை போதும். அதற்கும் தயங்கினால், உங்கள் ஊரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே வெளிநோயாளியாகக் காட்டிச் சீட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள். நுண்ணோக்கி வைத்து அந்தத் துண்டை எடுக்க முடியுமா, பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

இந்தத் தரகர்களைப் பற்றி நான் சொல்லாமல் விட முடியாது. வருகிற தொகையில் பங்கு என்று பேசி வழக்கறிஞர் கட்டணம் வாங்குவதையே பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வழக்கறிஞரே அல்லாத ஒருவர் எந்த உரிமையில் பேரம் பேசுகிறார்? இவர்களுடைய வழி எப்போதும் ஒன்றுதான்: வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது, போலீஸ் பெயரைச் சொல்லி மருத்துவரை மிரட்டுவது, கிடைத்ததில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு விலகுவது. பணம் பறிக்க முயன்றதாக மருத்துவர் எதிர்ப்புகார் கொடுத்தால், அதில் நிற்கப்போவது உங்கள் பெயர். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியபடி, மருத்துவர்மீது குற்ற வழக்கு தொடர மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும். உடைந்த ஃபைல் அந்த வகையில் வராது. இன்னொரு பொறி மருத்துவமனைப் பக்கமிருந்து வரும்: 9,500 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், முழுத் திருப்தி என்று எழுதிக் கொடுங்கள் என்பார்கள். மறுசிகிச்சைச் செலவு முழுவதும் தெரியும்வரை எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்துக்கும் எழுதலாம். அவர்களால் மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியும், இழப்பீடு தர முடியாது. ஐந்து லட்சம் என்ற கனவு வேண்டாம். கட்டிய பணம், மறுசிகிச்சைச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு என்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

சாதாரண புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நான் நடத்திய மருத்துவ வழக்கு ஒன்றுகூட அந்தக் காலத்தில் முடிந்ததில்லை. தலைவர் பதவி காலியாக இருக்கும், எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கும், வீங்கிய ஈற்றோடு வாய்தாவுக்கு வந்தவர் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்புவார். ஒன்பதாயிரம் ரூபாய் இழந்தவரை ஆண்டுக்கணக்கில் அலையவிடும் ஏற்பாடு நீடிக்கும்வரை தரகர்களுக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. முதல் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, 2022 ஏப்ரல் சிகிச்சைப் பதிவுகளின் நகலையும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களையும் கேளுங்கள். குற்றச்சாட்டு எதையும் அதில் எழுத வேண்டாம். ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். பதிவுகளைத் தந்தால் ஃபைல் அன்றே உடைந்தது தெரிந்துவிடும். தராவிட்டால், ஏன் தரவில்லை என்று ஆணையத்தில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.