ஈறில் இரத்தம் வருகிறது. வீட்டு வைத்தியம் போதுமா?

பல் விளக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது, வேப்பங்குச்சி, நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, வீட்டில் இடித்த பல்பொடி இவற்றை வைத்தே சரிசெய்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரை நோய் உள்ள உங்கள் அம்மா, ஆடுகிற பல்லுக்குக் கிராம்புத் தைலம் வைத்தே மாதக்கணக்கில் காலத்தை ஓட்டுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்குப் பெரும்பாலும் முடியும். உங்கள் அம்மாவுக்கு முடியாது. இந்த வித்தியாசம் ஏன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். நான் மருத்துவர் அல்ல; பல் மருத்துவர் ஒருவரிடம் பல ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். குச்சியால் பல் விளக்கும் வீட்டில் வளர்ந்தவள் என்பதால் இந்த முறைகள் மீது எனக்கு மதிப்பும் உண்டு.

ஈறில் இரத்தம் வந்தால் உடம்பில் சூடு, சத்துக் குறைவு என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வைட்டமின் சி மிகவும் குறைந்தால் ஈறில் இரத்தம் வருவது உண்மை. நெல்லிக்காயும் கொய்யாவும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் அதுவல்ல. காலையில் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழப்பாக ஒன்று படும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஊத்தை முழுக்கக் கிருமிகளின் குடியிருப்பு. ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் அது தங்கிவிட்டால் ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் இரத்தம் வரும்.

இது வெறும் ஊகமல்ல. 1965இல் டென்மார்க்கில் ஹாரல்ட் லோ என்பவரின் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் விளக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி ஒழுங்காக விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் ஈறு பழையபடி ஆகிவிட்டது. அவர்களைக் குணப்படுத்தியது சுத்தம். எந்த மூலிகை, எந்தப் பொடி என்று கேட்பதற்கு முன்னால், 'இது ஈறோரத்து ஊத்தையை எடுக்கிறதா?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை வைத்தே வீட்டு முறைகள் அத்தனையையும் எடைபோட்டுவிடலாம்.

குச்சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு இந்தக் கேள்வியில் நல்ல பதில் இருக்கிறது. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று சொல்லிவைத்தார்கள். ஆலம் விழுதும் கருவேலங்குச்சியும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு ஈறைச் சற்று இறுகச் செய்யும். வேம்பின் சாற்றுக்குக் கிருமிகளை ஓரளவு அடக்கும் தன்மை உண்டு. ஆனாலும் குச்சியின் பலன் பெரிதும் அதன் நாரிலும், அதற்கு நாம் செலவிடும் நேரத்திலும்தான் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்தில் என் தாத்தா காட்டுக்கு நடந்து போகும்போதே விளக்குவார். முற்றலும் இல்லாமல் இளசும் இல்லாமல், சுண்டுவிரலைவிட மெல்லிய குச்சியாக ஒரு சாண் ஒடிப்பார். நுனியில் அரை அங்குலத்துக்குப் பட்டையைச் சீவி, கடைவாயில் வைத்து மென்றுகொண்டே நடப்பார். நார் பிரிந்து மெத்தென்று ஆகும்வரை பல்லில் வைக்கமாட்டார். அதற்கே பாதி வழி ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு பல்லாக, மேல் பல்லுக்கு மேலிருந்து கீழாகவும் கீழ்ப் பல்லுக்குக் கீழிருந்து மேலாகவும் இழுப்பார். முடிந்ததும் குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்துவிட்டு எறிந்துவிடுவார். மறுநாளைக்குப் புதுக் குச்சி.

இன்று குச்சியைக் கையில் எடுக்கிறவர்கள் இந்தப் பொறுமையைக் கடைப்பிடிப்பதில்லை. சரியாக மெல்லாத குச்சியை ரம்பம்போல் குறுக்கே இழுக்கிறார்கள். ஈறு கீழே இறங்கி, பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்து, தண்ணீர் பட்டாலே கூசுகிறது என்று வருகிறவர்களிடம் எப்படி விளக்குகிறீர்கள் என்று கேட்டால், பலமுறை இதுதான் பதில். கெட்டியான பிரஷ்ஷை வைத்து முரட்டுத்தனமாகத் தேய்ப்பவர்களுக்கும் இதே கதிதான். குச்சிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்துக்கு அது எளிதில் எட்டாது, பல்லிடுக்கிலும் நுழையாது. ஆகவே காலையில் குச்சி பிடித்தால், இரவில் மென்மையான பிரஷ்ஷால் விளக்குங்கள். மரத்தையும் பார்த்து ஒடியுங்கள்: ஊரெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல் வேறு மரம், அரளி விஷம். அடையாளம் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

பல்பொடி விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். அடுப்புக்கரி, செங்கல் தூள், மணல் கலந்த சாம்பல் மூன்றும் வேண்டாம். தேய்த்தவுடன் பல் வெள்ளையாகத் தெரிவது கறையோடு சேர்ந்து பல்லின் கெட்டியான மேலோடான எனாமலும் தேய்வதால்தான். எனாமலில் உயிரணுக்கள் கிடையாது. தேய்ந்தால் திரும்ப வளராது. உள்ளே இருக்கும் மஞ்சள் நிறப் பகுதி தெரியத் தொடங்கும்போது, 'முன்பைவிடப் பல் மஞ்சளாகிவிட்டதே' என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். கறுப்புக் கரி இப்போது அழகான டப்பாவில் விலை ஏறி வருகிறது. டப்பா மாறியதால் கரியின் குணம் மாறிவிடாது.

கடுக்காய், கிராம்பு, வேப்பிலை, கொஞ்சம் உப்பு என்று நீங்களே இடிக்கிற பொடி அப்படிப்பட்டதல்ல. துணியில் சலித்து, இரண்டு விரலுக்கிடையே வைத்து உரசிப் பாருங்கள். நறநறவென்றால் பல்லுக்கு ஆகாது. முகப் பவுடரைப்போல் வழுக்கினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். விரலால் தேய்க்க வேண்டாம், விரல் ஈறோரத்துப் பள்ளத்துக்குள் போகாது. நனைத்த பிரஷ்ஷில் தொட்டு விளக்குங்கள். கடையில் வாங்கும் பொடி என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். பற்பசை, பல்பொடியில் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இலேயே தடைசெய்துவிட்டது. அதை ஏன் தடைசெய்ய வேண்டியிருந்தது என்றால், புகையிலைப் பொடியால் பல் விளக்கி, அது இல்லாமல் காலை விடியாது என்ற நிலைக்கு வந்த பெண்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள். இன்றும் பல்வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்ளச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு தீங்கற்றது, வாய்க்கும் இதமாக இருக்கும். தமிழ்நாட்டிலேயே சிலரை வைத்துச் செய்த சிறு ஆய்வுகளில் ஊத்தையும் கிருமிகளும் ஓரளவு குறைந்திருக்கின்றன. சர்க்கரை போகும், மூட்டுவலி தீரும் என்பதையெல்லாம் நம்ப வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை வாயில் வைத்துப் பத்து நிமிடம் மெதுவாகச் சுழற்றித் துப்பிவிட்டுப் பிறகு பல் விளக்குங்கள். அண்ணாந்து தொண்டையில் வைத்துக் கொப்பளிக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். சிறு குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது. வேப்பெண்ணெயும் கிராம்புத் தைலமும் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே போனால் இரண்டும் ஆபத்து.

உப்புத் தண்ணீரை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வீங்கிய ஈறுக்கும் வாய்ப்புண்ணுக்கும் நல்ல ஆறுதல். ஆனால் அது ஊத்தையைப் பெயர்த்தெடுக்காது. படிகாரத் தண்ணீரும் அப்படித்தான். ஈறு சுருங்குவதால் இரத்தம் நிற்பதுபோல் தெரியும், ஊத்தை இருந்த இடத்திலேயே இருக்கும். எலுமிச்சையும் உப்பும் கலந்து தேய்த்தால் பல் பளிச்சென்று ஆகும் என்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். அமிலத்தை அளக்கும் பிஹெச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; அது 5.5க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறு 2 அளவில் இருக்கிறது. அமிலத்தில் இளகிய எனாமல் மேல் உப்பை வைத்துத் தேய்ப்பதைவிடப் பல்லுக்குக் கெடுதல் செய்ய வேறு வழி தேவையில்லை.

இயற்கை முறைகளை விரும்புகிறவர்கள் என்னோடு முரண்படும் இடம், பற்பசையில் சேர்க்கும் ஃப்ளோரைடு என்கிற தாது. ஈறுக்குச் சுத்தம் போதும். சொத்தைக்கு அது மட்டும் போதாது. சாப்பிட்ட பின் அமிலத்தில் கரைந்த எனாமலில் தாது மீண்டும் படிய ஃப்ளோரைடு உதவுகிறது. எந்த மூலிகைப் பொடியும் அந்த வேலையை அதே அளவுக்குச் செய்வதாக நிரூபணமாகவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல் பழுப்பேறிப்போனவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பயம் வருவது நியாயம்தான். அங்கே பிரச்சினை குடித்த நிலத்தடி நீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைக் குழந்தைப் பருவம் முழுக்கக் குடித்ததால் வந்தது. பசையை நாம் விழுங்குவதில்லை, துப்புகிறோம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு வைத்து, பக்கத்தில் நின்று துப்பவைத்தால் போதும். உங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றால் குழந்தைகளின் பசையைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: இரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டு விளக்குவதுதான் எல்லோரும் செய்வது, அந்த இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். மென்மையான பிரஷ்ஷை ஈறோரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறுசிறு அசைவாக இரண்டு வேளை இரண்டிரண்டு நிமிடம் விளக்குங்கள். இரவு வேளையை மட்டும் தவறவிடவே வேண்டாம். இடுக்குக்குப் பல்நூல் அல்லது சிறிய இடுக்குப் பிரஷ். முதல் சில நாள்கள் இரத்தம் வரும், பயப்படாதீர்கள். இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் ஊத்தை ஏற்கெனவே காரையாக இறுகிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

காரை என்பது எச்சிலில் உள்ள தாது உப்புகள் ஊத்தையில் படிந்து கல்லாவது. நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் துளைகள் இருப்பதால் கீழ் முன்பற்களின் உள்பக்கம்தான் அதிகம் பிடிக்கும். எந்தக் குச்சிக்கும் எண்ணெய்க்கும் பொடிக்கும் அது அசையாது. கருவியால்தான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்று பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். காரையை எடுத்து முடித்ததும் நோயாளியின் நாக்கு முதலில் தேடிப்போவது அந்த உள்பக்கத்தைத்தான். 'இங்கே ஓட்டை விழுந்துவிட்டதே அம்மா' என்பார்கள். தட்டில் கிடக்கும் பழுப்புத் துண்டுகளைக் காட்டுவேன். அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது அதுதான். பல் ஆடுவதும், காரை ஈறுக்கு அடியில் இறங்கி எலும்பு கரைந்ததால் வருவது.

உங்கள் அம்மா அந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்றே நினைக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தபின் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிராம்பில் உள்ள யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களே தற்காலிக அடைப்புக்கு அதைத் துத்தநாக ஆக்ஸைடோடு கலந்து பயன்படுத்துகிறார்கள். ஆனால் தைலத்தை அப்படியே வைத்தால் ஈறு வெந்துபோகும். வலி தெரியாமலிருக்கும் அந்த மாதங்களில் உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமப்பட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவானாலும் காட்டிவிடுங்கள். வெற்றிலை பாக்கு போடுகிறவர் என்றால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்கினால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த செலவில் பார்ப்பார்கள். சர்க்கரை அளவுச் சீட்டையும் அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டு அழைத்துப் போகாதீர்கள். காலைச் சாப்பாட்டையும் வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் தவிர்க்காமல், முற்பகல் நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள்.