கார்க்கில் எந்த மர்ஃபி?

கேள்வி: என் பாட்டியின் தாத்தா பேட்ரிக் மர்ஃபி, அயர்லாந்திலிருந்து பட்டாளத்தில் வந்து அப்புறம் மதுரையில் ரயில்வேயில் சேர்ந்தவர். கத்தோலிக்கர். கல்லறைக் கல்லில் 'பிறப்பு 1850, கார்க்' என்பது மட்டும் படிக்க முடிகிறது. சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, ரயில்வே காலனி, மதுரை

பதில்: முடியும். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேட ஆரம்பிக்காதீர்கள் அம்மா. அயர்லாந்தில் அதிகம் பேருக்கு இருக்கிற குடும்பப் பெயரே மர்ஃபிதான், அதிலும் கார்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) ஏகப்பட்ட பேர்; மேலூர் பக்கம் போய் 'அழகர் வீடு எது' என்று கேட்கிற கதையாகிவிடும்.

அதனால் முதலில் பட்டாளத்துக் காகிதம். ஆள் எடுக்கும்போதே எந்தப் பங்கு (அதாவது எந்தத் தேவாலய வட்டாரம்), எந்த ஊருக்குப் பக்கம், எந்தக் கவுண்டி என்று கேட்டு எழுதிவிடுவார்கள். பென்ஷனோடு விலகியவர்களின் தாள்கள் லண்டனில் கியூ (Kew) என்கிற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாணத்துத் தேவாலயங்கள் அனுப்பிய திருமண நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். இங்கே கல்யாணம் நடந்திருந்தால் மாப்பிள்ளையின் அப்பா பெயர் அதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

அயர்லாந்தில் பழைய குடிக்கணக்குகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, 1922-ல் டப்ளினில் காப்பகம் எரிந்தபோது போனது நிறைய. முழுசாகக் கிடைப்பதில் மூத்தது 1901. கத்தோலிக்கர்களின் பிறப்பை அரசாங்கம் பதிய ஆரம்பித்ததே 1864-ல்தான். ஆகவே உங்களுக்குக் கோயிலின் ஞானஸ்நான ஏடுதான் கதி. நல்ல வேளை, ஏறக்குறைய 1880 வரையிலான கத்தோலிக்கப் பங்கு ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டது. பல ஏடுகள் லத்தீனில் இருக்கும், பேட்ரிக் அங்கே 'பாத்ரிசியுஸ்', ஜான் 'யோவான்னெஸ்'. திண்டுக்கல் பக்கம் ஒரு பங்கில் என் அம்மா வழி ஞானஸ்நான ஏட்டைப் புரட்டியபோது, எங்கள் சூசைத் தாத்தா 'யோசேப்புஸ்' ஆகி உட்கார்ந்திருந்தார், இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போய்விட்டேன்!

ஒரு வரியைக்கூட அவசரமாக விடாதீர்கள். தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் அங்கே இருக்கும், ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். அவர்கள் நம்ம ஊர் போலவே பெரும்பாலும் மாமன், அத்தை, பக்கத்து வீட்டார். அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு நிலக்கணக்குக்குப் போங்கள். 1847-லிருந்து 1864 வரை வரி போடுவதற்காக எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டில், டவுன்லேண்ட் என்கிற சின்னச் சின்ன ஊர்வாரியாக, குத்தகைக்காரர் யார், நிலத்துக்காரர் யார், எத்தனை ஏக்கர் என்று நம்ம அடங்கல் மாதிரி எழுதியிருக்கிறார்கள். வீட்டுத் தலைவர் பெயர்தான் வரும், பேட்ரிக்கைத் தேடாமல் அவர் அப்பாவைத் தேடுங்கள். ஞானத்தகப்பன் குடும்பமும் தாய் வழிக் குடும்பமும் அதே டவுன்லேண்டிலோ அடுத்ததிலோ இருந்தால் அநேகமாக அதுதான் உங்கள் மர்ஃபி வீடு. பிறகு வந்த திருத்தப் புத்தகங்களில் பழைய பெயரை அடித்துவிட்டு வாரிசின் பெயரை வேறு நிற மையில் எழுதியிருப்பார்கள், நிலம் எந்த வருடம் யார் கைக்குப் போனது என்பதுவரை தெரியும்.

இன்னொன்று, 1850 என்பதை அப்படியே நம்பவேண்டாம். கல்லில் வயதைக் குத்துமதிப்பாகத்தான் வெட்டியிருப்பார்கள், 1846-லிருந்து 1854 வரை பார்த்துவிடுங்கள்.