டர்பன் வண்டிக்கும் ஆண்டிஃபிரீஸ் வேண்டும்

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகர்): ஐயா, என்னிடம் இருப்பது பழைய டபுள்-கேப் பக்கி (பிக்கப் வண்டி). டர்பனில்தான் பனியே விழாதே என்று இத்தனை வருடமும் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றி வருகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஜூலை விடுமுறைக்கு ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு இதே வண்டியில்தான் போகிறோம். தண்ணீர் உறையாமல் காக்கும் ஆண்டிஃபிரீஸ் திரவம் ஊற்றியே ஆக வேண்டுமா?

பதில்: ஊற்றியே ஆக வேண்டும் ஐயா, அதுவும் கிளம்புவதற்கு முன்பே. ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்களே, நாளைக் காலை எஞ்சின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். செங்காவி நிறத்தில் சேறு மாதிரி ஒட்டினால் அது உங்கள் எஞ்சின் கரைந்து வந்த துரு. பழைய பக்கிகளில் பெரும்பாலும் எஞ்சினின் உடலான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல்பாகமான ஹெட் அலுமினியம். இரண்டு வகை உலோகமும் ஒரே வெறும் தண்ணீரில் கிடந்தால் அரிப்பு நிற்கவே நிற்காது, அந்தச் சேறு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும், வாட்டர் பம்பையும் கெடுக்கும். ஆண்டிஃபிரீஸில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் இதைத் தடுக்கிறது. டர்பன்காரர்களுக்கு அதன் முதல் பயனே இதுதான்.

அப்புறம் உங்கள் பயணம். கடல் மட்டத்தில் கிளம்பி சுமார் 1,750 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறீர்கள். ஜோஹானஸ்பர்க்கில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், ஆனால் எஞ்சின் ஓடுவதே கிட்டத்தட்ட 90 டிகிரிச் சூட்டில். நடுவில் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கர் மாதிரி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. அதன் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, மலை ஏற்றத்தில் கொதித்துவிடும். மூடியைப் புதிதாக மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த ஆண்டிஃபிரீஸ், கடல் மட்டத்தில் மூடியின் அழுத்தம் இல்லாமலே சுமார் 107 டிகிரி வரை தாங்கும்.

குளிரையும் லேசாக நினைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி, நீங்கள் போகப்போகும் என்3 சாலையே மூடப்பட்டது, வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தன. ஜூலையில் வழியிலுள்ள ஹாரிஸ்மித் பக்கம் இரவில் சுழியத்துக்குக் கீழே போவது சகஜம். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், அந்த நெருக்கலில் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடலாம். பாதிக்குப் பாதி கலவை சுமார் −37 டிகிரி வரை உறையாது. அதற்காகத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றிவிடாதீர்கள்: தனி ஆண்டிஃபிரீஸ் −13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், சூட்டைக் கடத்துவதிலும் தண்ணீரைவிட மட்டம்.

மாற்றும் முறை: பழைய தண்ணீரை இறக்கி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, ஆறவிட்டு மறுபடி இறக்குங்கள். தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எவ்வளவு இறக்கினாலும் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும், அதன்மேல் தண்ணீர் கலந்தே விற்கும் ரகத்தை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். ஆகவே கலக்காத ரகத்தை வாங்கி, கையேட்டில் போட்டிருக்கும் மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு, மீதிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படியும். கடைசியில் மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கியதும் நிரப்பி மூடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகி): அண்ணா, எங்கள் காரில் பச்சை கூலண்ட் (ஆண்டிஃபிரீஸ் கலவை) இருக்கிறது. கடையில் சிவப்புதான் கிடைத்தது. கலக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பி வாங்க முடியாது. கையேட்டில் எந்த ரகம் என்று போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். ஒத்துப்போகாத இரண்டு ரகம் சேர்ந்தால் கூழாகிக் குழாயை அடைக்கலாம், துருத்தடுப்பும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பழைய சிலிகேட் ரகத்தை சுமார் 2 வருடத்தில் மாற்ற வேண்டும், ஆர்கானிக் ஆசிட் ரகம் பொதுவாக 5 வருடம் வரும். வழியில் அவசரம் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேருங்கள்.

இன்னொன்று. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் சிந்தியதை உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். ஆண்டிஃபிரீஸில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நக்கிவிட்டால் கொஞ்சமே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும். குழந்தைக்கும் அதே ஆபத்துதான், குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

கேள்வி (டோங்காட் வாசகர்): ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்புக்குப் போனால் என்ன செய்வது?

பதில்: ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அது வழியாக வெளியேறும். இடம் கிடைத்ததும் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணிக்கு மேல் ஆகட்டும், மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு, துணி போட்டு மெதுவாகத் திருகித் திறந்து தண்ணீர் சேர்க்கலாம்.